எஃப்-150 பிக்கப்புக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றுவது எப்படி?

அமெரிக்காவுக்கு வந்து பிக்கப் வாங்கும் நம் ஆட்கள் பலர், ஆயில் மாற்ற மட்டும் வண்டியைக் கடையில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். ஊரில் பைக்குக்குத் தாங்களே ஆயில் மாற்றியவர்கள்தான். வண்டியின் அளவைப் பார்த்துத் தயங்குகிறார்கள். ஆனால் இந்த வேலைக்குச் சின்ன காரைவிட பிக்கப்தான் வசதி. தரையிலிருந்து உயரமாக நிற்கும், அடியில் படுத்துக் கையை நீட்ட இடமிருக்கும்.

என்னுடையது 2013 ஃபோர்டு எஃப்-150, 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சின். கீழே சொல்லும் அளவுகள் 2011 முதல் 2014 வரை வந்த அந்த எஞ்சினுக்கு மட்டும்தான். அதே வருடங்களின் 5.0 லிட்டர் வி8 எஞ்சினுக்கே ஆயில் ரகமும் அளவும் வேறு: 5டபிள்யூ-20, 7.7 குவார்ட் (ஒரு குவார்ட் என்பது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு). முறை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எண்களை மட்டும் உங்கள் ஓனர்ஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியவை

5டபிள்யூ-30 ஆயில், 6 குவார்ட். நம் கணக்கில் 5.7 லிட்டர். கடைகளில் 5 குவார்ட் கேன் கிடைக்கும், அதோடு ஒரு தனி குவார்ட் பாட்டில் வாங்கினால் சரியாக வரும். ஆயில் ஃபில்டர் மோட்டார்கிராஃப்ட் எஃப்எல்-500எஸ். 15 மி.மீ. சாக்கெட், ஃபில்டரைக் கழற்றும் ரெஞ்ச், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு பலமாக இறுக்குகிறோம் என்று அளந்து காட்டுவது), புனல், பழைய துணி, கையுறை. பழைய ஆயிலைப் பிடிக்கும் தட்டு 8 குவார்ட்டாவது கொள்ள வேண்டும். சின்னத் தட்டை வைத்துவிட்டுப் பாதியில் ஆயிலை நிறுத்த வழியே கிடையாது.

இந்த எஞ்சினில் இரண்டு டர்போ, அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் சுழலிகள், இருக்கின்றன. ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. சுழலும் அதன் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். அதனால் ஆயில் ரகத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். டப்பாவின் பின்னால் ஃபோர்டு குறிப்பிடும் தரம் அச்சிட்டிருக்கிறதா என்று மேனுவலோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

வண்டியை நிறுத்துவது

அவசரமே படக்கூடாத இடம் இது. சமமான கான்கிரீட் தரையில் நிறுத்துங்கள். கியர் பார்க்கில், பார்க்கிங் பிரேக் முழுவதும் அழுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். 4x4 வண்டியாக இருந்து உங்களால் அடியில் நுழைய முடிந்தால் வண்டியைத் தூக்கவே வேண்டாம். முதல் முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது அதுதான். இடம் போதவில்லை என்றால், வண்டியின் எடைக்கு ஏற்ற ராம்ப் (சரிவு மேடை) வாங்கி முன் சக்கரங்களை ஏற்றுங்கள். ஜாக் வைத்தால் அதோடு ஜாக் ஸ்டாண்டும் கட்டாயம் வேண்டும். வெறும் ஜாக்கை நம்பி அடியில் தலையை விட்டவர்கள் உயிரையே இழந்திருக்கிறார்கள். யாராவது ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் வண்டலோடு சேர்ந்து நன்றாக வடியும். நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வந்த கையோடு திறக்காதீர்கள், கை வெந்துவிடும்.

வடிப்பது

முதலில் பானெட்டைத் திறந்து, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வையுங்கள். மேலே காற்றுப் போக வழியிருந்தால் கீழே சீராக வடியும். பிறகு அடியில் போய், கவசத் தகடு இருந்தால் அதன் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் தனியாக ஒரே ஒரு போல்ட் இருக்கும். அதுதான் டிரெயின் பிளக். கியர்பாக்ஸின் அடியிலும் தட்டு ஒன்று உண்டு, அதை இதென்று நினைத்துத் திறந்துவிடாதீர்கள். எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால். ஒரு முறை கண்ணால் உறுதி செய்துகொண்டு ஸ்பேனர் வையுங்கள்.

சாக்கெட்டால் இளக்கிவிட்டு, மிச்சத்தைக் கையால் திருகுங்கள். கழலும் வரை பிளக்கை மேல்நோக்கி அழுத்திப் பிடித்திருந்து, கடைசி மரை விட்டதும் சட்டென்று விலக்கினால் கையில் அதிகம் படாது. ஆயில் முதலில் ஓர் அடி தள்ளிப் பீய்ச்சும், போகப் போக நேர்க்கீழே விழும். தட்டை அதற்கேற்ப நகர்த்துங்கள்.

வடியும் அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் இந்த வேலையை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. ஆயில் கறுத்திருப்பது இயல்பு. ஒரு துளியை விரலில் தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பளபளவென்று உலோகத் துகள் தெரிந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கலந்திருக்கலாம், வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பெட்ரோல் வாடை பலமாக அடித்தால், குறுந்தூரம் மட்டுமே ஓட்டி எஞ்சின் சரியாகச் சூடேறாமலே இருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் இந்த ரக எஞ்சின்களில் அது சாதாரணமாக நடப்பது. அப்படிப்பட்ட வண்டிக்கு ஆயிலைச் சீக்கிரமே மாற்றுங்கள். படுத்த வாக்கில் பிரேக் குழாய், ஆக்சில் பூட் (ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் உறை) எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

சொட்டு நின்றதும் பிளக்கைத் துடைத்து, அதிலுள்ள ரப்பர் வளையம் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து, கையாலேயே முழுவதும் திருகுங்கள். பிறகுதான் டார்க் ரெஞ்ச்: 20 பவுண்டு-அடி, அதாவது 27 நியூட்டன் மீட்டர். கைப்பலத்துக்கு இது மிகக் குறைவாகத் தோன்றும். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நல்லது என்றும் தோன்றும். வேண்டாம். முன்பு ஒரு கடையில் என் வண்டிக்கு அப்படி இறுக்கியதில் சம்ப்பின் மரையே போய், சம்ப்பையே மாற்ற வேண்டி வந்தது. பின்னால் வந்த சில எஃப்-150களில் பிளாஸ்டிக் சம்ப்பும் கையால் திருப்பும் பிளக்கும் இருக்கின்றன. அவற்றுக்கு ரெஞ்சே தேவையில்லை.

ஃபில்டர்

தட்டை ஃபில்டருக்குக் கீழே நகர்த்தி, ரெஞ்ச் போட்டு இளக்குங்கள். அதற்குள்ளும் ஆயில் இருக்கும், நேராகப் பிடித்து இறக்குங்கள். இறக்கியதும் அதன் வாயைப் பாருங்கள். ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்திருக்கிறதா? வரவில்லை என்றால் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் புது ஃபில்டரைப் போட்டால் இரண்டு வளையமும் சேர்ந்து வழுக்கி, ஆயில் அழுத்தத்தில் பிதுங்கி, சில நிமிடத்தில் எஞ்சின் ஆயிலில்லாமல் நிற்கும். நன்றாக வேலை தெரிந்தவர்களுக்கும் நேர்ந்திருக்கிற தவறு. ஃபில்டர் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிடுங்கள்.

புது ஃபில்டரின் வளையத்தில் புது ஆயிலைத் தடவி, கையால் திருகுங்கள். வளையம் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று போதும். ரெஞ்ச் போடாதீர்கள்.

ஊற்றுவது

புனல் வைத்து முதலில் 5 குவார்ட் கேனைக் காலி செய்யுங்கள். தனி பாட்டிலில் முக்கால்வாசி ஊற்றி மூடியைப் போடுங்கள். எஞ்சினை அரை நிமிடம் ஓடவிட்டு, ஆயில் அழுத்த விளக்கு அணைகிறதா என்று பார்த்துவிட்டு நிறுத்துங்கள். உடனே குனிந்து பிளக்கையும் ஃபில்டரையும் பாருங்கள். ஈரம் இருக்கக்கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் உண்மையான அளவு தெரியும். மேல் குறியைத் தாண்டாமல் மிச்சத்தைச் சேருங்கள்.

டிஸ்ப்ளேயில் ஆயில் இன்னும் எவ்வளவு நாள் தாங்கும் என்று காட்டும் ஆயில் லைஃபை 100 சதவீதத்துக்கு ரீசெட் செய்துவிடுங்கள். ஃபோர்டு அதிகபட்சமாக 10,000 மைல் அல்லது ஒரு வருடம் என்கிறது. டர்போவை மனதில் வைத்து நான் 5,000 மைலிலேயே மாற்றிவிடுகிறேன்.

வாரண்டி உள்ள வண்டியை நாமே சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடும் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் மறுக்க 1975ஆம் ஆண்டு வந்த மேக்னசன்–மாஸ் வாரண்டி சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆயில், ஃபில்டர் ரசீதுகளைத் தேதியும் மைலும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

பழைய ஆயிலைக் காலியான கேனிலும் பாட்டிலிலும் ஊற்றி இறுக மூடுங்கள். ஆட்டோசோன், ஓரைலி போன்ற கடைகளின் பெரும்பாலான கிளைகளில் காசு வாங்காமல் எடுத்துக்கொள்வார்கள். சாக்கடையிலோ மண்ணிலோ ஒரு சொட்டும் விடாதீர்கள். ஒரு முறை மாற்றிய ஆயில் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. ஃபில்டரைத் தலைகீழாக ஓர் இரவு வைத்து, வடிந்ததையும் கேனில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்றிரவு எஞ்சினுக்கு நேர்க்கீழே தரையில் ஓர் அட்டையை விரித்துவிடுங்கள். காலையில் அதில் புள்ளி எதுவும் இல்லை என்றால் கவசத் தகட்டை மாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பலாம்.