ரீயூனியன் தீவுக்குப் போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

ரீயூனியன் தீவை வரைபடத்தில் பார்ப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது ஒன்றுதான்: சின்னத் தீவு, இரண்டு நாள் போதும். மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கிலோமீட்டரில் இந்தியப் பெருங்கடலில் கிடக்கும் பிரெஞ்சு நிலம், பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர், கரையோரமாகவே ஒரு சுற்று வந்தால் 200 கிலோமீட்டர் அளவுக்குத்தான் வரும். மொரீஷியஸிலிருந்து விமானம் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம் என்பதால், அங்கே ஒரு வாரம் கடற்கரையில் கழித்துவிட்டு ஊர் திரும்பும் முன் இதையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் நிறைய. அவர்களில் பலர் விமான நிலையத்துக்கும் விடுதிக்கும் நடுவில் உள்ள சாலை நெரிசலையும், மேகம் மூடிய ஒரு மலையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

இந்தத் தீவில் அகலத்தைப் பார்க்கவே கூடாது, உயரத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் நிற்கும் பிட்டோன் தே நேஜ் 3,070 மீட்டர், இந்தியப் பெருங்கடல் தீவுகளிலேயே உயரமான சிகரம். அது ஓய்ந்துபோன பழைய எரிமலை. அதைச் சுற்றிச் சிலாவோஸ், சலாஸி, மஃபாத் என்று மூன்று பெரும் பள்ளத்தாக்குகள், செங்குத்தான சுவர்களோடு. தென்கிழக்கில் இன்னும் நெருப்பு கக்கிக்கொண்டிருக்கும் பிட்டோன் தெ லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர். ஆக, எங்கே போவதென்றாலும் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். சிலாவோஸ் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள்: கரையில் சான் லூயியிலிருந்து நாற்பது கிலோமீட்டர்கூடத் தேறாது, ஆனால் 400-க்கும் மேற்பட்ட வளைவுகள். நடுவில் ஒரே ஒரு வண்டி நுழையக்கூடிய சுரங்கங்கள், அவற்றின் வாயில் ஹாரன் அடித்து, எதிரில் யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் நுழைய வேண்டும். இதில் பேருந்தும் வரும். இரண்டும் வளைவில் சந்தித்தால் பின்னால் போக வேண்டியது பெரும்பாலும் நீங்கள்தான். நல்ல மழை பெய்தால் பாறை விழுந்து சாலையையே மூடிவிடுவார்கள். காலையில் சிலாவோஸ், மதியம் எரிமலை, சாயங்காலம் கடற்கரை என்று ஒரே நாளில் அடுக்குவதெல்லாம் காகிதத்தில்தான் நடக்கும். கிலோமீட்டரை விட்டுவிட்டு மணிக்கணக்கில் திட்டம் போடுங்கள், ஒரு நாளுக்கு ஒரு மலை என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

வண்டி இல்லாமல் சமாளிக்கலாம் என்பதும் ஒரு தவறான கணக்கு. மஞ்சள் பேருந்துகள் கரையோர ஊர்களை நன்றாகவே இணைக்கின்றன, ஆனால் எரிமலை வாசலுக்கோ மாய்தோ முனைக்கோ விடியற்காலையில் போய்ச் சேர அவை உதவாது. வாடகைக் கார்தான் வழி. பிரான்ஸ் என்பதால் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், கியர் வண்டிகள்தான் மலிவாகக் கிடைக்கும், இடப்பக்கம் ஓட்டியே பழகியவர்கள் முதல் நாளே மலையேறாமல் கரையில் கொஞ்சம் ஓட்டிப் பழகுவது நல்லது. மலையேறக் கிளம்பும் இடங்களில் காரை நிறுத்தினால் பையோ கேமராவோ கண்ணில் படும்படி எதையும் உள்ளே விடாதீர்கள்.

விடியற்காலை என்றேன். இதை நம்பாமல்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். இங்கே காலையில் சிகரங்கள் பளிச்சென்று இருக்கும், வெயில் ஏற ஏறக் கடலிலிருந்து ஈரக்காற்று மேலேறி, ஒன்பது பத்து மணிக்குள் மேகமாகக் கட்டிக்கொள்ளும். மாய்தோ முனை 2,200 மீட்டர் உயரத்தில், கீழே மஃபாத் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் இடம். விடுதியில் சாவகாசமாகக் காலை உணவு முடித்து பதினொன்றுக்கு அங்கே போய்ச் சேர்ந்தால் வெள்ளைச் சுவர் ஒன்றைப் பார்த்துவிட்டு வரலாம். விடிவதற்கு முன் காரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, எரிமலைக்கு வருவோம், பெரும்பாலோர் இதற்காகத்தானே வருகிறார்கள். பிட்டோன் தெ லா ஃபூர்னேஸ் உலகிலேயே அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று, 17-ஆம் நூற்றாண்டிலிருந்து 150-க்கும் மேற்பட்ட வெடிப்புகள் பதிவாகியிருக்கின்றன. எரிமலைக் குழம்பு பெரும்பாலும் நீர்த்து வழிந்தோடும் வகை. ஆன்க்ளோ ஃபூக்கே என்கிற பெரிய குதிரைலாட வடிவப் பள்ளத்துக்குள்ளேயே பெரும்பாலான வெடிப்புகள் நடந்து முடிந்துவிடும், அங்கே யாரும் குடியிருப்பதில்லை. அதனால் 'ஆபத்தில்லாத எரிமலை' என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. அதைக் கேட்டுத்தான் ரப்பர் செருப்போடு, கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு இறங்குகிறார்கள்.

பா தெ பெல்கோம் என்ற முனையில் (2,311 மீட்டர்) கார் நிற்கும். அங்கிருந்து பள்ளத்தின் சுவரில் நூற்றுக்கணக்கான படிகள் இறங்க வேண்டும். இறங்கியதும் ஃபோர்மிகா லியோ என்ற சின்னச் செம்பழுப்புக் கூம்பு, அதைத் தாண்டினால் கறுப்புப் பாறை வெளி. ஒரு இடத்தில் குழம்பு கயிறு திரித்தது போல மடிப்பு மடிப்பாக உறைந்திருக்கும், காலடியில் டொக் டொக்கென்று உள்ளே குழி இருப்பது போல ஒலிக்கும். இன்னொரு இடத்தில் நொறுங்கிய கூரான கசடு, கை ஊன்றினால் தோலைக் கிழித்துவிடும். மரம் கிடையாது, நிழல் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. எரிமலையின் உச்சியில் உள்ள தொலோமியூ பள்ளத்தின் விளிம்புவரை போய்த் திரும்ப நல்ல நடை உள்ளவருக்கே ஐந்து மணி நேரம் ஆகும். திரும்பும்போது, கால் ஓய்ந்துபோன நேரத்தில், அதே படிகளை ஏற வேண்டும் என்பதை இறங்கும்போது யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

வழி என்பது பாறையில் போட்ட வெள்ளைப் பெயின்ட் புள்ளிகள்தான். ஒன்றிலிருந்து அடுத்ததைப் பார்த்து நடக்க வேண்டும். வானம் தெளிவாக இருக்கும்போது இது விளையாட்டாகத் தெரியும், குறுக்கே போனால் சீக்கிரம் போகலாமே என்று தோன்றும். மூடுபனி இறங்கினால் அடுத்த புள்ளி தெரியாது, எல்லாப் பக்கமும் ஒரே கறுப்பு. அப்படி மூடிவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று, கடைசியாகப் பார்த்த புள்ளியை விடாமல், விலகும்வரை காத்திருங்கள். உதவி வேண்டுமென்றால் 112, மலை மீட்புக் குழு வரும். ஹெலிகாப்டரும் பனி விலகினால்தான் வர முடியும் என்பது வேறு விஷயம்.

விளிம்பில் போட்டிருக்கும் தடுப்பைத் தாண்டிப் போய்ப் படம் எடுப்பது, இதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லலாம். 2007 ஏப்ரலில் நடந்த வெடிப்பில் தொலோமியூ பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கும் மேல் உள்ளே சரிந்தது. குழம்பு கீழே பக்கவாட்டில் வழிந்தோட, மேலே தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்துவிட்டது. இன்று நீங்கள் நிற்கும் விளிம்பு அந்தச் சரிவின் வெட்டுமுகம், விரிசல் விட்ட பாறை. ஒரு செல்ஃபிக்காக அங்கே இரண்டு அடி முன்னால் போகிறவர்களைப் பார்த்தால் பார்க்கிறவர்களுக்கே வயிற்றைக் கலக்கும்.

வெடிப்பு தொடங்கினாலோ, தொடங்கும் என்று ஆய்வு நிலையம் சொன்னாலோ, படிகளுக்கு மேலே உள்ள கதவை மூடிவிடுவார்கள். 'நெருப்பைக் கிட்டே பார்க்கத்தானே வந்தோம்' என்று கதவைச் சுற்றி இறங்குவது சட்டப்படியும் குற்றம், புத்திசாலித்தனமும் இல்லை: புதிய பிளவு எங்கே திறக்கும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, கந்தக வாயு வேறு. அதற்குப் பதில் பள்ளத்தின் சுவர் மேலேயே நடந்து பார்க்க வழி உண்டு. பிட்டோன் தெ பேர் பக்கம் போகும் பாதையில் இரவில் தலைவிளக்கோடு ஆட்கள் வரிசையாகப் போவார்கள், வெடிக்கும் இடத்தைப் பொறுத்து அங்கிருந்தே குழம்பு பீறிடுவது தெரியும். கனமான ஜாக்கெட், கூடுதல் பேட்டரி, காரை வெகு தூரத்தில் நிறுத்திவிட்டு நடக்கும் பொறுமை, இவை மூன்றும் வேண்டும். எரிமலையை நம்பி டிக்கெட் போடாதீர்கள். அது நம் விடுமுறைக்கு வெடிப்பதில்லை.

ஜாக்கெட் என்றதும் சிரிப்பவர்கள் உண்டு, வெப்பமண்டலத் தீவில் ஜாக்கெட்டா என்று. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் இங்கே ஜூலை, ஆகஸ்டுதான் குளிர்காலம். கரையில் அரைக்கைச் சட்டையோடு திரியும் அதே நாளில் பெல்கோம் முனையில் விடியற்காலை பூஜ்ஜியம் டிகிரியைத் தொடும். பத்து மணிக்கு மேல் அதே இடத்தில் வெயில் தோலை உரிக்கும். பிட்டோன் தே நேஜ் ஏறுகிறவர்கள் 2,479 மீட்டரில் உள்ள மலைக்குடிலில் படுத்து, அதிகாலை மூன்று மணி வாக்கில் கிளம்பி, உச்சியில் சூரிய உதயம் பார்ப்பது வழக்கம். உச்சியில் காற்று அடிக்கும் அடியில் பருத்திச் சட்டை வியர்வையோடு பனிக்கட்டியாகிவிடும். அந்தக் குடிலில் இடம் வெகு முன்பே நிரம்பிவிடும். அக்டோபரில் தீவையே குறுக்காகக் கடக்கும் பெரிய மலை ஓட்டப் பந்தயம் வேறு நடக்கும், அந்த வாரத்தில் மலையில் படுக்க இடம் தேடுவது வீண்.

மஃபாத்துக்குச் சாலை கிடையாது. நடந்து போக வேண்டும், அல்லது ஹெலிகாப்டர். உள்ளே சில நூறு குடும்பங்கள் வாழ்கின்றன, அரிசி, கேஸ் சிலிண்டர் எல்லாம் வானத்தில் தொங்கிக்கொண்டுதான் வரும். அடிமைத்தனம் இருந்த காலத்தில் தோட்டங்களிலிருந்து தப்பியவர்கள் ஒளிந்திருந்த இடம் இது. இங்கே செய்யும் தவறுகள் சில்லறைத் தவறுகள்தான், ஆனால் பசியோடு படுக்க வைக்கும்: முன்பதிவு செய்யாமல் போவது, யூரோ நோட்டு இல்லாமல் அட்டையை மட்டும் நம்பிப் போவது, இரவு ஏழு மணிச் சாப்பாட்டுக்கு எட்டரைக்குப் போய் நிற்பது. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், போய்ச் சொன்னால் சோறும் பயறும்தான் மிஞ்சும் (அதுவும் நன்றாகவே இருக்கும்).

மழையைப் பற்றித் தெரியாமல் வருவது இன்னொன்று. நவம்பர் முதல் ஏப்ரல்வரை புயல் காலம். 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது கொமெர்சோன் பகுதியில் 72 மணி நேரத்தில் 3,929 மில்லிமீட்டர் கொட்டியது, உலகச் சாதனை. அவ்வளவு வேண்டாம், மேலே மலையில் ஒரு மணி நேரம் பெய்தாலே போதும், கீழே வெயிலில் நீங்கள் குளித்துக்கொண்டிருக்கும் அருவிக்குட்டை கொஞ்ச நேரத்தில் காட்டாறாகிவிடும். தண்ணீர் கலங்க ஆரம்பித்தால் துணியைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். சாலையின் மேல் தண்ணீர் ஓடும் தரைப்பாலங்களைக் காரில் கடக்க முயல்வதுதான் உயிரைக் குடிக்கும் தவறு. கிழக்கு நனைந்த பக்கம், மேற்கு காய்ந்த பக்கம். கிழக்கில் மழை என்பதற்காக நாளையே கைவிட வேண்டாம், மேற்கே போய்விடலாம். புயலுக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் மட்டும் வெளியே நடமாடவே கூடாது.

கடல்? எங்கு வேண்டுமானாலும் இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். 2011 முதல் அடுத்தடுத்துச் சுறாத் தாக்குதல்கள் நடந்து உயிர்கள் போன பிறகு, 2013-இல் பவளத்திட்டுக்குள் அடங்கிய பகுதியும் காவல் உள்ள இடங்களும் தவிர மற்ற இடங்களில் நீந்துவதைத் தடை செய்தார்கள். எர்மிதாஜ், லா சலீன் பக்கம் பவளத்திட்டுக்குள் முழங்கால், இடுப்பளவு தண்ணீரில் மீன் பார்க்கலாம். அங்கேயும் திட்டில் உள்ள இடைவெளிகளுக்குக் கிட்டே போகாதீர்கள், நீரோட்டம் வெளியே இழுத்துவிடும். பவளத்தின் மேல் மிதிப்பது கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கொசு விஷயத்திலும் அலட்சியம் வேண்டாம்: 2005-06-இல் சிக்குன்குனியா இந்தத் தீவின் மக்களில் மூன்றில் ஒரு பங்கினரைப் படுக்க வைத்தது.

நம்மவர்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. 1848-இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வாரிசுகள் இங்கே ஏராளம், மல்பார் என்பார்கள். சான் ஆந்திரே பக்கம் கோபுரத்தைப் பார்த்ததும் உற்சாகத்தில் தமிழில் பேச ஆரம்பித்து, எதிரில் இருப்பவர் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பதில் சொன்னதும் 'தமிழ் தெரியாத தமிழரா' என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். தலைமுறைகள் தாண்டி, பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, ஆனாலும் விரதம் இருந்து தீமிதிக்கும் ஆட்கள் அவர்கள், நாம் மதிப்பெண் போட வேண்டியதில்லை. 'போன்ஜூர்' சொல்லிப் பேச்சை ஆரம்பியுங்கள், ஆங்கிலம் பல இடங்களில் எடுபடாது. தீமிதியைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். சாலையோரக் கடையில் 'போன்போன் பிமான்' என்று ஒன்று விற்பார்கள், கடித்தால் நம் பருப்பு வடையேதான், காரம் தூக்கலாக.

கடைசியாக, பலர் விமான நிலையத்தில் கண்டுபிடிக்கும் விஷயம்: ரீயூனியன் பிரான்ஸின் பகுதி, புழங்குவது யூரோ, ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் வராது. கையில் உள்ள ஷெங்கன் விசா இங்கே தானாகச் செல்லாது. உங்கள் கடவுச்சீட்டுக்கு என்ன விதி என்று பிரெஞ்சு அரசின் விசா தளத்தில் பார்த்து, விண்ணப்பத்தில் போகும் இடத்தை ரீயூனியன் என்றே குறிப்பிடுங்கள். மொரீஷியஸ் வழியாகத் திரும்புவதாக இருந்தால் அங்கே மறுபடி நுழைய என்ன வேண்டும் என்பதையும் டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.