மின் கட்டணத்தில் நிலையான செலவு எவ்வளவு?

மின் கட்டணம், பராமரிப்பு போன்றவற்றில் ஒரு பகுதி நிலையான செலவு (இயந்திரம் எவ்வளவு ஓடினாலும் மாறாதது), மறு பகுதி மாறும் செலவு (ஓடும் நேரத்தோடு கூடிக் குறைவது). இரண்டையும் பிரிக்க எளிய வழி, உயர்–தாழ் முறை. இயந்திரம் மிக அதிக நேரம் ஓடிய மாதம் ஒன்று, மிகக் குறைந்த நேரம் ஓடிய மாதம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரம் 2,000 மணி நேரம் ஓடிய மாதத்தில் செலவு 46,000. 800 மணி நேரம் ஓடிய மாதத்தில் 28,000 என்று வையுங்கள். வித்தியாசம் 18,000. அதை 1,200 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 15. இது மாறும் செலவு. 2,000 மணிக்கு 30,000 போக மீதி 16,000 நிலையானது. சரியா என்று 800 மணியில் போட்டுப் பாருங்கள்: 12,000 கூட்டல் 16,000, அதே 28,000.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. செலவு அதிகமான மாதத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, மணி நேரம் அதிகமான மாதத்தைத்தான் எடுக்க வேண்டும். இரண்டும் எப்போதும் ஒரே மாதமாக இருக்காது. பெரிய பழுது வந்த மாதம் என்றால் அதைத் தள்ளிவிடுங்கள்.

அப்புறம், இந்த 16,000-ஐ மணிக்கு இவ்வளவு என்று பிரித்து விலை நிர்ணயத்தில் வைக்கும்போது கவனம் தேவை. 800 மணியில் அது மணிக்கு 20, 2,000 மணியில் வெறும் 8. 3,000 மணிக்கு இதே கணக்கை நீட்டவும் வேண்டாம்; இன்னொரு இயந்திரம் வாங்க வேண்டி வந்தால் நிலையான செலவே ஒரு படி ஏறிவிடும்.

பன்னிரண்டு மாதக் கணக்கும் கையில் இருந்தால் எக்செலில் ஸ்லோப் (SLOPE, மணிக்கு ஆகும் மாறும் செலவைத் தரும்), இன்டர்செப்ட் (INTERCEPT, நிலையான செலவைத் தரும்) என்ற சூத்திரங்களைப் போட்டுவிடுங்கள். இரண்டே மாதத்தை நம்புவதைவிட அது மேல்.