லிங்கனின் 272 சொற்கள்: ஒரு பேச்சைப் பிரித்துப் படிக்கப் பழகுவது எப்படி

"மக்களால், மக்களுக்காக, மக்களே நடத்தும் ஆட்சி." பள்ளியில் ஜனநாயகம் என்றால் என்ன என்று கேட்டால் இதை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பீர்கள். நானும் அப்படித்தான். இது அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் 1863-இல் ஆற்றிய கெட்டிஸ்பர்க் உரையில், 82 சொற்கள் கொண்ட ஒரு நீண்ட வாக்கியத்தின் வால் என்பதும், அந்த இடத்தில் லிங்கன் ஜனநாயகத்துக்கு இலக்கணமே சொல்லவில்லை, அப்படிப்பட்ட ஆட்சி உலகத்தில் அழிந்துபோகக் கூடாது என்றுதான் சொன்னார் என்பதும் பேச்சை முழுதாகப் படித்த பிறகுதான் தெரிந்தது.

அமெரிக்க மேடைப் பேச்சுகளைப் படிக்க ஆரம்பிப்பவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. மொத்தமே பத்து வாக்கியங்கள். ஆங்கிலம் சுமாராகத் தெரிந்தால் போதும். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: சரியான பிரதியை எடுங்கள்

லிங்கன் கைப்பட எழுதிய பிரதிகள் ஐந்து இருக்கின்றன, ஒன்றுக்கொன்று சின்னச் சின்ன வித்தியாசங்களோடு. 'பிளிஸ் பிரதி' என்று தேடி எடுங்கள், அவர் கையெழுத்துப் போட்டது அதில் மட்டும்தான். கீழே நான் சொல்லும் எண்ணிக்கை எல்லாம் அந்தப் பிரதிக்குத்தான் பொருந்தும், வேறு பிரதியில் எண்ணிவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

படி 2: எங்கே நின்று பேசினார் என்று பாருங்கள்

1863 ஜூலை 1 முதல் 3 வரை பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க் என்ற சிற்றூரைச் சுற்றி, அமெரிக்காவின் வட, தென் மாநிலங்களுக்கு இடையிலான உள்நாட்டுப் போரின் பெரிய சண்டை நடந்தது. இறந்த வீரர்களுக்கு அங்கேயே ஒரு கல்லறைத் தோட்டம் அமைத்து, நவம்பர் 19 அன்று அதை அர்ப்பணிக்கும் விழா வைத்தார்கள். அன்றைய முக்கியப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட், இரண்டு மணி நேரம் பேசினார். அதற்குப் பிறகு எழுந்த லிங்கன் இரண்டு மூன்று நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் எவரெட்டே அவருக்குக் கடிதம் எழுதினார்: நீங்கள் இரண்டு நிமிடத்தில் தொட்ட மையக் கருத்தை நான் இரண்டு மணி நேரத்தில் நெருங்கியிருந்தாலே சந்தோஷப்படுவேன் என்று.

படி 3: முதல் வரியில் கணக்குப் போடுங்கள்

'ஃபோர் ஸ்கோர் அண்ட் செவன் இயர்ஸ் அகோ'. ஒரு ஸ்கோர் என்றால் இருபது. நாலு இருபது எண்பது, அதோடு ஏழு, ஆக 87. 1863-இல் 87-ஐக் கழித்தால் 1776 வருகிறது, அதாவது அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம். அரசியலமைப்புச் சட்டம் எழுதப்பட்டது 1787-இல். அடிமை முறைக்கு இடம் கொடுத்த அந்தச் சட்டத்தை விட்டுவிட்டு, 'மனிதர் எல்லோரும் சமமாகவே படைக்கப்பட்டவர்கள்' என்ற பிரகடனத்திலிருந்து நாட்டின் வயதை எண்ணுகிறார். அடிமை முறை என்ற சொல் பேச்சில் ஓர் இடத்திலும் இல்லை. வாதம் முழுவதும் அந்தக் கழித்தல் கணக்குக்குள் ஒளிந்திருக்கிறது. முதல் தடவை இதைக் கவனித்தபோது எனக்கு உண்மையிலேயே தூக்கிவாரிப் போட்டது.

படி 4: சின்னச் சொற்களை வட்டமிடுங்கள்

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீர்கள். 'ஹியர்' எட்டு முறை வரும். 'வீ' பத்து முறை. 'ஐ' ஒருமுறைகூட வராது. நாட்டின் அதிபர் பேசுகிறார், ஆனால் 'நான்' கிடையாது. அப்புறம் 'டெடிகேட்', 'டெடிகேட்டட்' இரண்டையும் சேர்த்து ஆறு. ஆறையும் வட்டமிட்டுவிட்டு, ஒவ்வொன்றிலும் யார் எதை அர்ப்பணிக்கிறார் என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதல் இரண்டில், சமத்துவம் என்ற கருத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த நாடு. மூன்றாவதில், இந்த நிலத்தை அர்ப்பணிக்க நாம் வந்திருக்கிறோம். நான்காவதில், நம்மால் அது முடியாது, இங்கே போரிட்டவர்கள் ஏற்கெனவே செய்துவிட்டார்கள். கடைசி இரண்டில், அர்ப்பணிக்கப்பட வேண்டியது நிலம் இல்லை, உயிரோடு நிற்கும் நாம்தான். ரிப்பன் வெட்டிவிட்டுப் போகலாம் என்று வந்த கூட்டத்தின் தலையில், அவர்கள் உணர்வதற்குள், ஒரு பொறுப்பைத் தூக்கி வைத்துவிடுகிறார்.

படி 5: வாய்விட்டுப் படியுங்கள்

குறிப்பாக அந்த 82 சொல் வாக்கியத்தை. பிரதியில் கோடு போட்டிருக்கும் இடங்களில் மூச்சு விடுங்கள். இரண்டாம் தடவையில் உங்கள் குரலே எங்கே ஏற வேண்டும் என்று கண்டுபிடித்துவிடும்.

படி 6: இனி ஒலிப்பதிவுக்குப் போகலாம்

ஏறத்தாழ நூறாண்டு தள்ளி, 1963 ஆகஸ்ட் 28. வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் படிகளில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங். வணக்கத்துக்குப் பிறகு பேச்சைத் தொடங்குவதே 'ஃபைவ் ஸ்கோர் இயர்ஸ் அகோ' என்றுதான்; படி 3-ஐச் செய்தவர்களுக்கு அது யாருடைய குரலின் எதிரொலி என்று சொல்லத் தேவையில்லை. பேச்சு சுமார் 17 நிமிடம். புகழ்பெற்ற 'கனவு' பகுதி அவர் எழுதிக் கொண்டுவந்த தாளில் இல்லை, ஆனால் அந்த ஜூன் மாதமே டெட்ராய்ட்டில் அதைப் பேசிப் பழகியிருந்தார். எனவே ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். தாளை விட்டு நகரும்போது வாக்கியங்களின் நீளமும் நடையும் எப்படி மாறுகின்றன என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பொருளைப் பிறகு பார்க்கலாம்.

நேரம் இருந்தால் இன்னொன்று. 1941 டிசம்பரில் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய மறுநாள், அன்றைய அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஆற்றிய உரையின் முதல் வரைவுப் படம் இணையத்தில் கிடைக்கும். தட்டச்சில் 'வேர்ல்டு ஹிஸ்டரி' என்று இருக்கிறது: உலக வரலாற்றில் நிலைக்கப்போகும் நாள் என்று. அதை அடித்துவிட்டு அவர் கையாலேயே 'இன்ஃபமி' என்று எழுதியிருக்கிறார்: இழிவின் பெயரால் நிலைக்கப்போகும் நாள். அந்த வரியை இரண்டு விதமாகவும் சத்தமாகப் படித்துவிட்டு, முதல் வரைவையே அவர் பேசியிருந்தால் இன்று யாருக்காவது நினைவிருக்குமா என்று கமெண்டில் சொல்லுங்கள்.