லேயர் படத்துல ஒரே பக்கம் வெள்ளைப் புள்ளி, சரி பண்ண விதம்

டைட்டானியம் பவுடரை லேசரால லேயர் லேயரா உருக்கி 3D பிரிண்ட் பண்றப்போ, மேல இருக்குற நியர் இன்ஃப்ராரெட் கேமரா (சூடான இடம் பளிச்சுனு தெரியும்) லேயருக்கு ஒரு லாங் எக்ஸ்போஷர் படம் எடுக்கும், அதுல புகையையும் தெறிக்கிற துளியையும் அடிச்சுட்டுப் போற ஆர்கான் கேஸ் வெளிய போற பக்கத்து பார்ட்ல மட்டும் பளிச்சுனு புள்ளியா வந்துட்டே இருந்துச்சு. இப்படி ஒரே பக்கம்னா லேசர் பவர்ல கை வைக்காதீங்க, கேஸ் ஃப்ளோவைப் பாருங்க! கேஸ் ஃபில்டர் அடைச்சிருந்துச்சு, ஃப்ளோ கம்மியானதால உருகித் தெறிக்கிற உலோகத் துளியெல்லாம் பவுடர் மேலயே விழுந்து, அது பவுடரை விட பெருசுங்கிறதால முழுசா உருகாம உள்ள ஓட்டை விட்டுடுது. ஃபில்டர் மாத்துனேன் (டைட்டானியம் தூசு காத்து பட்டா தீப்பிடிக்கும், மேனுவல்படி மட்டும் கழட்டுங்க), கேஸ் வெளியேறுற பக்கத்து பார்ட் முதல்ல ஸ்கேன் ஆகட்டும்னு வரிசையும் மாத்துனேன், புள்ளி பெரும்பாலும் போயிடுச்சு. பழைய பார்ட்டை சிடி ஸ்கேன் பண்ணப்போ புள்ளி இருந்த எல்லா இடத்துலயும் ஓட்டை இல்ல, அடுத்த லேயர்ல லேசர் மறுபடி உருக்கி சிலதை மூடிடுது, அதே இடத்துல அடுத்தடுத்த லேயர்லயும் புள்ளி வந்தாதான் எனக்குப் பயம்.