பழைய காரின் பெயிண்டைத் தேய்ப்பதற்கு முன்

வேலூர் வெயிலில் பத்துப் பதினைந்து வருடம் நின்ற காரில் முதலில் வெளுப்பவை கூரையும் பானெட்டும்தான். பாலிஷ் போட்டால் பளபளப்பு வந்துவிடும் என்று உடனே தேய்க்கத் தொடங்குகிறோம். ஆனால் பாலிஷ் எதையும் புதிதாகப் பூசுவதில்லை. மேலே செத்துக் கிடக்கும் படலத்தைச் சீவி எடுக்கிறது, அவ்வளவுதான். நிறத்துக்கு மேலுள்ள நிறமற்ற காப்புப் பூச்சான கிளியர் கோட்டின் தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் வரைதான். நம் தலைமுடி ஒன்றே ஏறத்தாழ 70 மைக்ரான் இருக்கும். சீவியது திரும்பி வராது.

கீறல்களில் பாதி நம் கையாலேயே விழுந்தவை. காலையில் அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் காய்ந்த துணியால் தூசியைத் துடைக்கிறோம். வறண்ட பாலாற்று மணலும் சாலைப் புழுதியும் அந்தத் துணிக்கடியில் உப்புத்தாளாக மாறிவிடுகின்றன. சாய்வெயிலில் பானெட்டைப் பாருங்கள், சிலந்தி வலை போல வட்டக் கீறல்கள் தெரியும். முதலில் தண்ணீரை ஊற்றி மண்ணை இறக்குங்கள். கார் ஷாம்புக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி வேண்டும்.

கழுவுவதை வெயிலில் செய்யாதீர்கள். நம் ஊர் போர்வெல் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. சூடான தகட்டில் அது உடனே காய்ந்து வெள்ளைத் திட்டாகிறது. நாள்பட்டால் பெயிண்டையே அரித்து இறங்கும். நிழலில் கழுவி, ஈரம் காயும் முன் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

எந்த வகைப் பெயிண்ட் என்று தெரியாமல் தேய்ப்பது அடுத்த தவறு. மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அது கிளியர் கோட் இல்லாத பழைய பெயிண்ட், பயப்பட வேண்டாம். கிளியர் கோட் உள்ள கார் என்று தெரிந்தும் நிறம் ஏறுகிறதா? அங்கே கிளியர் கோட் தேய்ந்து போய்விட்டது, அப்போதே கையை எடுத்துவிடுங்கள்.

அப்பாவின் சிவப்பு மாருதி 800 ரோஜா நிறத்துக்கு வெளுத்திருந்தது. எடுத்த எடுப்பிலேயே கரடுமுரடான ரப்பிங் காம்பவுண்டைப் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தேன். நடுப்பகுதி அழகாக மீண்டது. பானெட்டின் மடிப்பு விளிம்பில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குச் பெயிண்டுக்கு அடியில் இருக்கும் சாம்பல் நிற பிரைமர் எட்டிப் பார்த்தது. விளிம்புகளில் பெயிண்ட் மெலிதாகத்தான் நிற்கும் என்பது அன்றுதான் புரிந்தது. அந்த ஒரு விரல் அகலத்துக்காகப் பானெட் முழுவதற்கும் பெயிண்ட் அடிக்க வேண்டியதாயிற்று. விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மிக மென்மையான பாலிஷை ஓரடிச் சதுரத்தில் முயன்று பார்த்து, அது போதாவிட்டால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள்.

நகத்தால் வருடும்போது நகம் சிக்கும் கீறல் பாலிஷில் போகாது. அதைத் துரத்திக்கொண்டே போனால் சுற்றியுள்ள நல்ல பெயிண்டும் போய்விடும். டச்-அப் பெயிண்டால் நிரப்புவதே சரி. கிளியர் கோட் தோல் போல உரிந்து நிற்கும் இடத்திலும் தேய்த்துப் பயனில்லை, பெயிண்டிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும். மண்ணெண்ணெய் பூசினால் வரும் மினுமினுப்பு எண்ணெய்ப் பசைதான். அதில் தூசி இன்னும் அதிகமாக ஒட்டும்.

பாலிஷ் முடிந்ததும் கார் மெழுகு (வாக்ஸ்) பூசாமல் விட்டுவிட்டால் அடுத்த கோடையில் மீண்டும் வெளுக்கத் தொடங்கும். நிழலில், ஆறிய தகட்டின்மேல் மெல்லியதாகப் பூசுங்கள். பிறகு அவ்வப்போது ஒரு குவளைத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் மெழுகு இருக்கிறது. தட்டையாகப் படர்ந்தால் மறுபடி பூச வேண்டும்.