‘நடு பீட்ரூட்’ என்றால் என்ன? சொந்தமாகச் சொல் கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் தட்டுவடை செட் சாப்பிட்டவர்களுக்கு இது உடனே பிடிபடும். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியோடு நசுங்கிக் கிடக்குமே பீட்ரூட் துருவல், அதுதான் எங்கள் நண்பர்கள் செட்டில் ‘நடு பீட்ரூட்’. இரண்டு பேர் சண்டையில் எந்தப் பக்கமும் சாய முடியாமல் மாட்டிக்கொண்ட ஆள். கல்யாணமான புதிதில் ஒருவன் “இன்னைக்கு வீட்ல நான் நடு பீட்ரூட்டுடா” என்றான், யாருமே விளக்கம் கேட்கவில்லை, சொல் நின்றுவிட்டது. உட்கார்ந்து யோசித்துக் கட்டிய மற்ற சொற்கள் பலவும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

முக்கியமான தவறு, வினையை மறந்துவிடுவது. தமிழில் இந்த மாதிரிச் சொற்களுக்கு உயிரே பின்னால் வரும் வினையில்தான் இருக்கிறது. கடலை போடுவார்கள், ரீல் விடுவார்கள், ஓபி அடிப்பார்கள், அல்வா கொடுப்பார்கள், பல்பு வாங்குவார்கள். ‘ரீல் போட்டான்’ என்று மாற்றிப் பாருங்கள், வேறு எதையோ சொல்கிறது. இங்கே சேலத்தில் ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலைகள் நிறைய, அதனால் சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்குபவனை ‘ஜவ்வரிசி விடுறான்’ என்று சொல்லிப் பார்த்தோம், ஒட்டவில்லை. ‘கதையை ஊற வைக்கிறான்’ என்று ஒருவன் மாற்றினான், அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. ஜவ்வரிசி ஊறினால்தானே உப்பும்!

அடுத்தது, பொருளை ஒற்றைச் சொல்லில் முடிப்பது. ‘பல்பு என்றால் ஏமாற்றம்’ என்று எழுதினால் பாதிதான் சரி. பெரிய நம்பிக்கையோடு போய், நாலு பேர் பார்க்க அசடு வழிந்து திரும்புவதுதான் பல்பு வாங்குவது. எந்தச் சூழலில் சொல்வார்கள் என்பதையும் ஒரு வாக்கியத்தில் காட்டிவிடுங்கள். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. முடிகிற நேரத்தில் வேலையைக் கைவிடுபவனை நாங்கள் ‘பத்தொம்பதுல இறங்கிட்டான்’ என்போம். அந்த மலை ஏறாத வெளியூர்க்காரருக்கு இது வெறும் எண், அந்த வளைவுகளைச் சொன்னால்தான் சிரிப்பு வரும்.

சொல்லுக்குப் பிறந்த கதை தெரியாவிட்டால் கட்டிவிடாதீர்கள். ‘பேமானி’ ஏதோ ஆங்கிலத்திலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. அது உருது வழியாக வந்த ‘பேஇமான்’, நேர்மை இல்லாதவன் என்று பொருள். ‘கஸ்மாலம்’ வடமொழியில் அழுக்கைக் குறிக்கும் ‘கஷ்மல’த்திலிருந்து வந்தது. உண்மைக் கதையே இவ்வளவு சுவையாக இருக்கும்போது பொய் எதற்கு?

அப்புறம், ஒருவருடைய உடம்பையோ சாதியையோ குறையையோ வைத்துச் சொல் கட்டவே கூடாது. எங்கள் செட்டில் ஒருவனுக்குப் பேச்சு திக்கும். அதை வைத்து ஒரு சொல் கட்டினோம், அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். கொஞ்ச நாளில் எங்களோடு உட்கார்ந்து பேசுவதையே குறைத்துக்கொண்டான். அந்தச் சொல்லை விட்டுவிட்டு அவனிடம் மன்னிப்புக் கேட்டோம், ஆனாலும் பழைய மாதிரி அவன் கலகலப்பாகப் பேச ரொம்ப நாள் ஆனது.

செட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் திணிப்பதும் தவறுதான். பொற்கொல்லர்கள் தங்களுக்குள் பொன்னைப் ‘பறி’ என்பதை நன்னூல் உரைக்காரர்கள் குழூஉக்குறிக்கு, அதாவது ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் வழங்கும் சொல்லுக்கு, உதாரணமாகக் காட்டுவார்கள். பட்டறைக்குள் இருந்தவர்களுக்கு அது புரிந்தது, அவர்களுக்கு அது போதும். நீங்கள் கட்டிய சொல்லையும் மாமனாரிடமும் மேனேஜரிடமும் போய்ச் சொல்லி விளக்கிக்கொண்டிருக்காதீர்கள்.

சரி, எழுதி வைக்க நினைப்பவர்களுக்கு எங்கள் நோட்டில் இருப்பது ஒன்று:

நடு பீட்ரூட் (ஆவது, ஆக்குவது): இரண்டு பேருக்கு நடுவில் நசுங்குபவர். தட்டுவடை செட்டிலிருந்து. “அக்காவும் அம்மாவும் பேசிக்கறதில்ல, ரெண்டு பேரும் சேர்ந்து என்னை நடு பீட்ரூட் ஆக்கிட்டாங்க.”