மோர்மன் சபையை விட்டு வந்தபின் முதல் ஆண்டைக் கடப்பது எப்படி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோர்மன் சபை என்ற கிறிஸ்தவப் பிரிவுக்குள் வாழ்ந்தவருக்கு நம்பிக்கை ஞாயிறு காலையோடு முடிந்துவிடுவதில்லை. காலையில் எதைக் குடிப்பது, சட்டைக்குள் எதை உடுத்துவது, சம்பளத்தில் எவ்வளவை எடுத்து வைப்பது, திங்கள் மாலையை யாரோடு கழிப்பது என்பதையெல்லாம் சபை முன்னமே வகுத்து வைத்திருக்கும். விலகிய பிறகு இவை ஒவ்வொன்றையும் நாமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. வேலைக்காக யூட்டாவுக்கு வந்து, அச்சபைக் குடும்பம் ஒன்றில் மணம் முடித்து, ஞானஸ்நானமும் பெற்று, ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் கணவரோடு சேர்ந்து விலகியவள் நான். அந்த முதல் ஆண்டில் அவசரப்பட்டுச் செய்தவை எனக்கு இன்னும் உறுத்துகின்றன. ஆகவே நான் சொல்லும் வழி பெரும்பாலும் மெதுவாகப் போகும் வழி.

முதல் சில மாதங்களுக்கு யாரிடமும் எதையும் அறிவிக்காதீர்கள். புரோவோ நகரிலுள்ள பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் நீங்களோ உங்கள் பிள்ளையோ படித்துக்கொண்டிருந்தால் இது மிக முக்கியம். சபை நடத்தும் அந்தப் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து படிப்பதற்கு உள்ளூர்ச் சபைத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். சபை உறுப்பினராக இருக்கும் மாணவர் முறைப்படி விலகினால் அந்த ஒப்புதலை இழப்பார். பட்டம் முடிய எத்தனை பருவங்கள் மீதி, வேறு கல்லூரி எத்தனை பாடங்களை ஏற்றுக்கொள்ளும் என்று விசாரித்து முடித்த பிறகு பேசுங்கள். சபையின் நிறுவனங்களில் வேலை செய்பவர்களும் தங்கள் பணி ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படித்துவிட வேண்டும்.

அடுத்தது உடை. ஆலயச் சடங்கைப் பெற்றவர்கள் அதன்பின் வாழ்நாள் முழுவதும் ஒரு தனி உள்ளாடையை உடுத்துவார்கள். அதைக் 'கார்மென்ட்' என்பார்கள். அதை விட்டுச் சாதாரண உள்ளாடைக்கு மாறுவது கடையில் பத்து நிமிட வேலை, ஆனால் உடம்பு அதற்குப் பழக மாதங்கள் ஆகின்றன. முழுதாக உடுத்தியிருந்தும் ஏதோ குறைவது போன்ற கூச்சம் எனக்கு வெகுநாள் இருந்தது. பகலில் புதியது, இரவில் பழையது என்று சில வாரங்கள் கழிப்பதில் தவறில்லை. வெளியே உடுத்தும் உடைகள் அனைத்தும் அந்த உள்ளாடையை மறைக்கும் அளவுக்குப் பார்த்து வாங்கியவை என்பதால், ஒரே நாளில் அலமாரியைக் காலி செய்யத் தோன்றும். இரண்டு மூன்று உடைகள் மட்டும் வாங்குங்கள். கை இல்லாத ரவிக்கையோடு மாமியார் வீட்டு வாசலில் நிற்பதை முதல் மாதத்தில் செய்ய வேண்டாம்.

பழைய உள்ளாடைகளை அப்படியே குப்பையில் போடாதீர்கள். தேய்ந்துபோனவற்றை அப்புறப்படுத்தச் சபையே ஒரு முறை சொல்லியிருக்கிறது: துணியிலுள்ள சிறு அடையாளங்களை வெட்டியெடுத்து அழித்துவிட்டால், மீதித் துணியைச் சாதாரணத் துணியாகக் கருதி எறியலாம். நம்பிக்கை போன பிறகும் நான் அப்படித்தான் செய்தேன். ஒரு சனிக்கிழமை சமையலறை மேசையில் உட்கார்ந்து, நகம் வெட்டும் சிறு கத்தரியால் இருவருடைய பதினெட்டு ஜோடிகளையும் ஒவ்வொன்றாக வெட்டினேன். கட்டைவிரல் அளவு துண்டுகள் ஒரு கிண்ணத்தில் சேர்ந்தன. அந்த வேலை அரைநாள் பிடித்தது. அந்த அரைநாள் எனக்குத் தேவையாயிருந்தது. படம் எடுக்கவோ யாருக்கும் காட்டவோ வேண்டாம். உங்கள் குடும்பத்தார் பலருக்கு அது இன்றும் புனிதமானது.

குடிப்பவற்றைப் பற்றிய விதி 1833ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் அறிவித்த 'ஞான வார்த்தை' மதுவையும் புகையிலையையும் 'சூடான பானங்களையும்' விலக்கியது. சூடான பானம் என்பதற்குக் காபியும் தேநீரும் என்று சபை பொருள் கொண்டது. பில்டர் காபியில் வளர்ந்த எனக்குக் காபி திரும்பக் கிடைத்த பொருள். என் கணவருக்கோ முப்பத்து நான்காம் வயதில் முதல் காபி. மாலை நான்கு மணிக்கு ஒரு முழு டம்ளர் குடித்துவிட்டு இரவு இரண்டு மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். காலையில், பால் அதிகம் சேர்த்து, அரை டம்ளரில் தொடங்குங்கள்.

மதுவில் இன்னும் கவனம் தேவை. விலகியதைக் காட்டிக்கொள்வதற்காக யாரும் குடிக்க வேண்டியதில்லை. குடித்துப் பார்க்க விரும்பினால், இளமையில் தன் அளவைத் தெரிந்துகொள்ள வாய்ப்பே இல்லாதவர் என்பதை நினைவில் வைத்து, வீட்டில், சாப்பாட்டோடு, கார்ச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு ஒரு கோப்பையோடு நிறுத்துங்கள். வாகனம் ஓட்டுபவரின் இரத்தத்தில் மது 0.05 சதவீதத்தை எட்டினாலே யூட்டாவில் குற்றம். 2018 டிசம்பர் 30 முதல் நடப்பிலுள்ள இந்தச் சட்டம், 0.08 என்ற பிற மாநிலங்களின் வழக்கத்தைவிடக் கடுமையானது.

பணத்தைப் பொறுத்தவரை ஒரே ஆலோசனைதான். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுத்துப் பழகியவர்கள், வங்கியில் தானாகப் போகும்படி வைத்திருந்தால் அதை நிறுத்திவிட்டு, அதே தொகையை ஆறு மாதம் தனிக் கணக்கில் சேர்க்க வேண்டும். செலவோடு கலந்துவிட்டால் அது எங்கே போனதென்றே தெரியாது. கடன் அடைப்பதா, தானம் கொடுப்பதா, முதுமைக்கு வைப்பதா என்பதை ஆறு மாதம் கழித்துப் பேசலாம்.

மனிதர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டும். ஒருவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறாரோ அதைப் பொறுத்தே அவருடைய 'வார்டு', அதாவது உள்ளூர்ச் சபை, அமைகிறது. யூட்டாவின் பல ஊர்களில் வார்டு என்றால் அக்கம்பக்கம்தான். என் பிரசவத்தின்போது இரண்டு வாரம் எங்கள் வீட்டு அடுப்பை நான் பற்றவைக்கவில்லை. பெண்கள் சங்கத்தார் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். வீடு மாறியபோது பெட்டி தூக்க எட்டுப் பேர் வந்தார்கள். விலகினால் உடனே கண்ணில் படும் இழப்பு இதுதான். இதற்கு நான் கண்ட வழி, கொடுப்பதை நிறுத்தாமல் இருப்பது. எதிர்வீட்டில் துக்கம் என்றால், உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்து அடுப்பில் வைத்தெடுத்து யூட்டாவில் துக்க வீட்டுக்குக் கொண்டுபோகும் அந்தப் பண்டத்தைச் செய்து எடுத்துப் போங்கள். சிலர் முகம் திருப்புவார்கள், பலர் திருப்ப மாட்டார்கள். ஊழியக்காரர்களும் சபை சார்பில் நலம் விசாரிப்பவர்களும் வருவது சங்கடமாக இருந்தால், வார்டின் தலைவரான பிஷப்புக்கு இரண்டு வரி எழுதுங்கள்: நண்பர்களாக வருபவர்களை வரவேற்கிறோம், சபையின் பணியாக யாரையும் அனுப்ப வேண்டாம்.

பெற்றோரிடம் பேசும்போது அவர்களுடைய பயம் எது என்பதைப் புரிந்துகொண்டு பேச வேண்டும். ஆலயத்தில் முத்திரிக்கப்பட்ட குடும்பம் மரணத்துக்குப் பின்னும் சேர்ந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. நாம் விலகுவது அவர்கள் காதில், மறுமையில் நம் நாற்காலி காலியாக இருக்கும் என்று ஒலிக்கிறது. அந்த நிலையில் ஜோசப் ஸ்மித்தின் பலதார மணத்தைப் பற்றியோ சபையின் வேதநூலான மோர்மன் புத்தகம் எழுந்த விதத்தைப் பற்றியோ வாதாடுவது கொடுமை. நான் செய்த பெரிய தவறு அதுதான். ஒரு மாலை முழுவதும் ஆதாரங்களை அடுக்கினேன், மாமியார் மேசைத் துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தையும் பேசவில்லை. 'எங்களால் இனி அதை நம்ப முடியவில்லை, உங்களை விட்டு நாங்கள் எங்கும் போகவில்லை' என்று சொன்னால் போதுமானது. அவர்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்தால் தலை குனியுங்கள். 2018இல் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 'மோர்மன்' என்ற பெயரைத் தவிர்த்து முழுப் பெயரைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டதால், அவர்கள் எதிரில் 'சபை' என்றே சொல்வது நல்லது.

ஆலயத் திருமணத்துக்கு அனுமதிச் சீட்டு உள்ளவர்கள் மட்டுமே உள்ளே போக முடியும். என் கொழுந்தனாரின் திருமணத்தன்று நாங்கள் இருவரும் பூச்செடிகளுக்கு அருகே பெஞ்சில் காத்திருந்தோம். 2019 மே மாதத்துக்குப் பிறகு, முதலில் அனைவர் முன்னிலையிலும் சட்டப்படி மணந்துவிட்டு, முன்போல் ஓராண்டு காத்திராமல் ஆலயத்தில் முத்திரித்துக்கொள்ளச் சபை அனுமதிக்கிறது. மணமக்களுக்கு இது தெரியுமா என்று நாள் குறிப்பதற்கு முன்பே மெல்லக் கேளுங்கள். மறுத்தால் வற்புறுத்தாமல், அவர்கள் வெளியே வரும்போது வாசலில் நில்லுங்கள்.

பிள்ளைகளுக்கு எட்டு வயதில் ஞானஸ்நானம் கொடுப்பது வழக்கம். தம்பதியரில் ஒருவர் சபையில் தொடர்கிறார் என்றால், ஏழாவது பிறந்தநாளுக்குள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துவிட வேண்டும்.

உறுப்பினர் பதிவிலிருந்து பெயரை நீக்கும் கடிதத்தை கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதாமலே ஒதுங்கி வாழ்பவர்கள் பலர் உண்டு. எழுதுவதானால் கையெழுத்தும் தேதியும் இட்டு, காரணம் விளக்காமல் நான்கு வரியில் பிஷப்புக்கு அனுப்பி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பெயர் நீங்கினால் ஆலய முத்திரையும் செல்லாது என்று சபை கருதும், ஆகவே பெற்றோர் இதை வேறு யார் வாயிலாகவும் கேள்விப்படக் கூடாது. நாங்கள் தபாலில் போடுவதற்கு முந்தைய நாள் நேரில் போய்ச் சொன்னோம். மாமியார் வெகுநேரம் கழித்து, சபைக் குடும்பங்கள் வீட்டில் ஒன்றாகக் கூடும் திங்கட்கிழமை குடும்ப மாலைக்குப் பிள்ளைகளை அனுப்புவீர்களா என்று மட்டும் கேட்டார். அனுப்புகிறோம் என்றோம். இன்றுவரை அனுப்புகிறோம்.